ஏழு நம்பர் காலி

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் லீவு போட்டால் இன்னொரு டாக்டர் வந்து பார்த்துக்கொள்வார். நான் லீவு போட்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரியே நொண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்; ஆனால் உண்மையும் அதுதான். வெளுத்த துணி வராவிட்டால் ஆபரேஷன் நடக்காது. தள்ளுவண்டி வராவிட்டால் எக்ஸ்ரே அறை சும்மா கிடக்கும். துடைக்கிறது, தூக்குகிறது, தள்ளுகிறது, விரிக்கிறது எல்லாம் சேர்ந்ததற்கு சப்போர்ட் டீம் என்று பெயர். பம்பாய்ச் செம்பூரில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின் சப்போர்ட் டீமுக்கு நான்தான் தலை.

நாலாம் கிளாஸில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, நான் ஒதுங்கிக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, பட்டறை வேலை பிடிக்காமல் இதே ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடித்தவன். இன்றைக்கு மூன்று பாஷையில் வேலை வாங்குவேன், மூன்றிலும் திட்டுவேன். எழுத வருவது தமிழ் மட்டும்தான். அதுவும் டீக்கடைப் பேப்பரைப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டது. அதனால் இதில் பிழை இருந்தால் பேப்பர்காரனைக் கேளுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு எச்.ஆர். மேடம் புதிதாக வந்தார். எங்களை ஏ.சி. அறையில் உட்காரவைத்து, திரையில் பல்பு படம் போட்டு, இன்னோவேஷன், இன்னோவேஷன் என்றார். அவரவர் வேலையில் ஒரு புது யோசனை சொல்ல வேண்டுமாம். அதற்கென்று பான்ட்ரி வாசலில் ஒரு பெட்டி மாட்டினார்கள். அதில் பிஸ்கட் உறைதான் விழுந்தது. நான் எழுந்து, “மேடம், எங்க வேலைல புதுசா ஒண்ணு வந்தா அதுக்குப் பேரு கோளாறு. நேத்து நடந்த மாதிரியே இன்னிக்கும் நடந்தா நாங்க ஜெயிச்சோம்” என்று இந்தியில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மேடமும் சிரித்தார். “அங்கிள், உங்களுக்கே ஏதாவது மாத்தணும்னு ஒரு நாளும் தோணினதில்லையா?” என்றார். தோணினதில்லை என்றேன். அது பொய்யில்லை. எல்லாம் நான் வைத்தபடி ஓடிக்கொண்டிருந்தது, எதற்காகத் தோண வேண்டும்?

நான் வைத்ததில் ஒன்று வாக்கி, அதாவது வாக்கி-டாக்கி. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடியில் டயாலிசிஸ் அறை. கிட்னி போனவர்களுக்கு மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற இடம். கட்டில்கள் வரிசையாக, தலைமாட்டில் நம்பர். ஒருவர் முடித்து இறங்கினால் அடுத்தவர் ஏற வேண்டும். அடுத்தவர் கீழே ஹாலில் காத்திருப்பார். முன்னெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் ஆள் ஓடிக்கொண்டிருந்தான். நான்தான் பையன்கள் எல்லார் இடுப்பிலும் வாக்கி மாட்டினேன். மேலே ஆளை இறக்கியதும் வார்டு பையன் “சாத் நம்பர் காலி” என்பான். கீழே இருக்கிறவன் ஏழாம் நம்பருக்கு உரியவரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். இந்திக்காரனுக்கும் காலி, மராத்திக்காரனுக்கும் காலி, நமக்கும் காலி. எல்லாருக்கும் புரிகிற சொல்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினில் படுக்க வேண்டும், உயிருள்ளவரை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்தது. மத்தியான ஷிப்ட், ஏழாம் நம்பர்.

பக்கத்து எட்டாம் நம்பரில் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி. பாங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், பாலக்காட்டுப் பேச்சு. இவள் பேசுகிற தமிழ் அவருக்கு வேடிக்கை, அவர் தமிழ் இவளுக்கு வேடிக்கை. இரண்டு பேருக்கும் கை அசைக்கக் கூடாது என்பதால் வாய் மட்டும் ஓடும்.

“உங்காத்துக்காரர் இங்க பெரிய ஆளாமே, ஒரு மெத்து மெத்துன்னு தலகாணி கொண்டுவரச் சொல்லப்படாதோ?” என்பார் மாமி.

“அவிய வீட்டுல ஒரு உறை மாட்டுனதில்ல மாமி. இங்க அத்தன பேர வச்சு மாட்டுதாவ” என்பாள் இவள்.

பம்பாய் ஆஸ்பத்திரிகளில் வண்டி தள்ளுகிற ஆளை மாமா என்பார்கள், விரிப்பு மாற்றுகிற பெண்ணை மௌசி என்பார்கள். அதற்கும் இவளுக்குச் சிரிப்பு. “கட்டுனவரு இங்க நிக்காரு, நான் போறவன் வாறவனை எல்லாம் மாமாங்கேன்.” நான் ரவுண்டு போகும்போது இந்தச் சிரிப்பு கேட்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து நடையைக் கட்டுவேன்.

ஒரு நாள் காலையில் புறப்படுகிற நேரத்துக்கு அவள் புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏளா, கெளம்பலியா?”

“நான் வரல.”

“என்ன சொல்லுத?”

“வரலன்னா வரல. நீங்க டூட்டிக்குப் போங்க.”

கத்தினேன். நெருளில் இருக்கிற மகனைப் போனில் கூப்பிட்டேன், அவனும் கத்தினான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு முறை தப்பினால் உடம்பில் நீர் ஏறும், இரண்டு முறை தப்பினால் மூச்சில் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் தெரியும். அன்றைக்குத் தப்பினாள். மறுமுறை புறப்பட வேண்டிய நாளில் நாலு சொல் சேர்த்துப் பேச முடியவில்லை அவளால். டாக்சியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். போய், கீழ் ஹாலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த ஹாலில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அது நான் துடைக்கச் சொல்கிற இடம்.

மாமா ஒருவன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் இடுப்பிலிருந்த வாக்கி கரகரத்தது. “சார் நம்பர் காலி.” நாலாம் நம்பர். என் முழங்கைமேல் இருந்த அவள் விரல்கள் இறுகின. கொஞ்ச நேரம் கழித்து, “தோ நம்பர் காலி.” இரண்டாம் நம்பர். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “சாத் நம்பர் காலி.”

அவள் எழுந்துவிட்டாள். மூச்சு வாங்க வாசலைப் பார்த்து நடந்தாள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

“ஒன் கட்டில் காலியாயிருக்கு, கூப்பிடுதாண்டி.”

“அதத்தான் சொல்லுதேன். ஏழு நம்பர் காலின்னுட்டான்லா.”

“காலின்னா வெறுங்கட்டில். இது தெரியாதா ஒனக்கு?”

“காலி டப்பா எனக்குத் தெரியாதா? எத்தன வருசமாத் தாராவில குப்ப கொட்டுதேன்.” நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “என்ன இங்க என்னன்னு கூப்பிடுதாங்க? ஊசி குத்துத பிள்ள, ஏழு நம்பர் கைய நீட்டுங்கா. மாமா வந்து, ஏழு நம்பர் யாருங்கான். நான்தான், நான்தான்னு எந்திரிக்கேன். அப்போ ஏழு நம்பர் காலின்னா யாரு காலி?”

நம் ஊர்ப்பக்கம் ‘ஆள் காலி’ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியில் அது எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

“மூணு நம்பர் தாத்தா ஒருத்தர் இருந்தாரு. அன்னைக்குக் காலின்னான். பொறவு வரவேயில்ல.”

“அவரு உல்லாஸ்நகர்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. அங்க ஒரு ஆஸ்பத்திரில பாக்காவ.”

“நீங்க பாத்தியளா?”

பார்க்கவில்லை. ஆபீசில் யாரோ சொன்னது.

அன்றைக்கு மூச்சு அவளை மேலே தள்ளியது, நான் தள்ளவில்லை. “இன்னைக்கு வாரேன். அடுத்த தடவ கூப்பிடாதிய” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் உட்கார்ந்தாள்.

கட்டிலுக்கும் ஆளுக்கும் ஒரே நம்பர். அதைக் கூப்பிடுவதற்கு நான் வைத்த வாக்கி. இவ்வளவு பெரிய கட்டிடத்தில் என் சொல்லை மீறி ஒரு வாளி நகராது, ஒரு சொல்லை நகர்த்த முடியாதா என்று மறுநாள் காலையே ஆர்டர் போட்டேன். இனி எவனும் காலி என்று சொல்லக் கூடாது. தையார் என்று சொல்ல வேண்டும். ரெடி என்று அர்த்தம். அடுத்த ஆளுக்குக் கட்டில் ரெடி.

என்ன நடந்தது தெரியுமா? ஆளை இறக்கின உடனே, பழைய நேரத்துக்கே, தையார் என்றார்கள். கீழேயிருந்து ஆள் மேலே போய்ச் சேர்ந்தால் கட்டிலில் விரிப்பே இல்லை. காரிடாரில் வண்டிகள் வரிசை கட்டின. ‘ரெடின்னுதானே சொன்னீங்க’ என்று நோயாளியோடு வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். காலி என்று சொன்னபோதும் இதே நிலைமைதான், ஆனால் அப்போது யாரும் ரெடி என்று பொய் சொல்லவில்லை. இது போதாதென்று, பழகின நாக்கு சும்மா இருக்குமா? “சாத் நம்பர் கா... தையார்!” ஒருவன் தவறிச் சொன்னது, அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் விளையாட்டாகிவிட்டது. காதையார், காதையார் என்று வாக்கி முழுக்க ஒரே கும்மாளம். தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, ஒழுங்காக இருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டார். திட்டினேன் பாருங்கள் பையன்களை, மூன்று பாஷையிலும். என் முன்னால் தையார், என் முதுகுக்குப் பின்னால் காதையார்.

இதற்குள் அடுத்த முறை வந்துவிட்டது. அவள் புடவை மாற்றவில்லை. நான் ஆர்டர் போட்டதையும், அவர்கள் விளையாடியதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“எதுக்கு மாத்தச் சொல்லுதியன்னு அவங்ககிட்ட சொன்னியளா?”

“நான் சொன்னாப் போதாதா?”

“ஒங்களுக்கு நான் இருக்கணும். அதனால தோணிச்சு. அவங்களுக்கு எதுல இருந்து தோணும்?” கொஞ்சம் நிறுத்தி, “நான் பயப்படுதேன்னு சொல்லுங்க” என்றாள். “சொல்லிட்டு வாங்க, நான் வாரேன்.”

இது அவள் போட்ட கணக்கு. நான் சொன்னால் அவள் மெஷினுக்கு வருவாள். சொல்லாவிட்டால் வரமாட்டாள்.

சொல்வது சுலபம் என்று நினைக்கிறீர்களா? நான் தாராவியில் கலவரம் பார்த்தவன், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மகனைத் தோளில் வைத்து நின்றவன். எங்கள் வீட்டில் பயம் என்று ஒன்று உண்டு என்று வெளியே சொன்னதே இல்லை. அதுவும் எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஆட்களிடம். ஷிப்ட் மாறுகிற நேரம் எல்லாரையும் துணி அறைக்கு வரச் சொன்னேன். மடித்த விரிப்புகள் கூரைவரை அடுக்கியிருக்கும், பேச்சு வெளியே போகாது. மறுபடி திட்டு விழப்போகிறது என்று ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

சொன்னேன். ஏழாம் நம்பரில் படுக்கிறது என் சம்சாரம், அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் காலி என்று கூப்பிடும்போது அவள் செத்துவிட்டதாக அவளுக்குக் கேட்கிறது, அது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் இத்தனை நாள் தெரியாது. அதனால் அவள் வரமாட்டேன் என்கிறாள். வராவிட்டால் என்ன ஆகும் என்பது இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவுதான் சொன்னேன். இந்தியில் சொன்னேன், ஒரு திட்டும் சேர்க்காமல்.

யாரும் இடித்துக்கொள்ளவில்லை இப்போது. காதையார் என்று முதலில் ஆரம்பித்தவன் ஒரு பீகார் மாமா. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “என் அப்பா படுத்த ஆஸ்பத்திரில அவரை பாரா நம்பர், பன்னண்டாம் நம்பர்னுதான் கூப்பிட்டாங்க. கடைசிவரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்ல. காது கேக்கலேன்னு எழுதிட்டாங்க” என்றான்.

கோவண்டியிலிருந்து வருகிற ஒரு மௌசி, நம் தமிழ்ப்பெண். இத்தனை வருஷத்தில் என்னிடம் லீவு கேட்பதற்குத் தவிர வாய் திறந்ததில்லை. அவள் சொன்னாள்:

“அண்ணாச்சி, சொல்ல மட்டும் மாத்தி என்ன செய்ய? நம்பரு ஆளு மேலல்லா உக்காந்திருக்கு. அத எறக்கிக் கட்டில்ல போடுங்க. கட்டிலுக்கு நம்பரு, ஆளுக்குப் பேரு.”

“பேரெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருப்பான்?” என்றான் ஒருவன்.

“மாத்தி மாத்தி அதே ஆளுங்கதானல வாராங்க. ஒரு படத்துல யார் யாரு நடிச்சான்னு கேட்டா ஒப்பிக்க, இது முடியாதோ?” என்றாள் மௌசி. அவன் தமிழ்ப் பையன், வாயை மூடிக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். “இன்னொண்ணு அண்ணாச்சி. வாக்கிய எங்கிட்ட தாங்க. ஆள எறக்குறவன் சொல்லக் கூடாது, விரிக்கிறவ சொல்லணும். இத்தன வருசமா விரிக்கேன், விரிச்சாச்சான்னு ஒருத்தன் கேட்டதில்ல.”

அந்த யோசனை என்னுடையது என்று நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். டீம் என்னுடையது, துணி அறை என்னுடையது, அதனால் சொல்லலாம். இங்கே எழுதும்போது நடந்தபடி எழுதுகிறேன்.

மௌசி கைக்கு வாக்கி போனது. கடைசி மடிப்பைத் தட்டிவிட்ட பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். “சாத் நம்பர் தையார்” என்று சொல்லி, அடுத்து என் வீட்டுக்காரியின் பேரைச் சொல்லி, ‘அம்மா’ சேர்த்து, மேலே அழைத்து வரச் சொல்வாள். காரிடாரில் வண்டி நிற்பது நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகின பிறகு மாமாக்கள் வண்டியை லிப்டில் இடிக்காமல் ஏற்றினார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரிப்பு மாற்றுகிற மற்ற மௌசிகள் தாங்களாகவே வந்து அவரவர் பகுதிக்கு வாக்கி கேட்டார்கள். பிஸ்கட் உறை விழுந்த பெட்டியில் ஒரு நாளும் விழாதது எல்லாம் துணி அறையில் விழுந்தது. எச்.ஆர். மேடம் போர்டில் என் படத்தை ஒட்டினார். மௌசி படமும் பக்கத்தில் உண்டு. என் படம் கொஞ்சம் பெரிசு.

என் வீட்டுக்காரி வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பேர் வந்ததும், ‘ஆங்’ என்று, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி, பதில் சொல்லிவிட்டு எழுந்திருப்பாள். மாமிக்கும் பிடித்துப்போயிற்று. “எம் பேரை இவ்வளவு அழகா எங்காத்துல கூடக் கூப்பிட்டதில்லை, கேட்டேளா” என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். நாங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மாமி இன்னும் வரவில்லை. அந்த ஷிப்டின் முதல் அழைப்பே, “ஆட் நம்பர் தையார்.” அதற்குப் பின்னால் வந்த பேர் மாமியின் பேர் இல்லை. யாரோ ஒரு ஆணின் பேர்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குக் காலையிலேயே தெரியும். முந்தின நாள் மூச்சுத் திணறல் என்று மாமியைக் கொண்டுவந்து வார்டில் சேர்த்திருந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அவரைக் கீழே இறக்கிய அந்த வண்டியும் என் டிபார்ட்மென்ட்தான். நல்ல விரிப்பாகப் பார்த்துப் போடச் சொல்லி நானே கூட நின்றேன். இவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கி வந்து கொடுத்து, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

“மாமியா?” என்றாள்.

“காலைல.”

வெளியே மழை அடித்தது. “சொல்ல மாத்துனா ஆளு தங்கிருமா?” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அவள் இப்போது எழுந்து வீட்டுக்குப் போவோம் என்று சொன்னால், என்னிடம் மாற்றுவதற்கு வேறு சொல் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எட்டாம் நம்பருக்கு உரிய ஆள் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முதல் தடவை வருகிறார் போல; முகத்தில் ரத்தமில்லை. மாமா வண்டியோடு வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவியிடம், “என்ன சொன்னான்? என்னத்தைத் தையார்ங்கிறான்?” என்று இந்தியில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

என் வீட்டுக்காரி குனிந்து, காய்க்காரனிடம் பேரம் பேசுகிற தன் இந்தியில், “பிஸ்தர் தையார் போலா. தும் நஹி. பிஸ்தர்” என்றாள்.

படுக்கை ரெடி என்று சொன்னார்கள். நீ இல்லை, படுக்கை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வண்டியில் உட்கார்ந்தார்.

அடுத்து மௌசியின் குரல். ஏழு நம்பர் தையார், இவள் பேர். இவள் ‘ஆங்’ சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் வண்டியைப் பிடித்தேன்.

“நீங்க விடுங்க. லிப்டுல இடிப்பிய. மாமா வரட்டும்.”

மாமா வந்தான். அதே பீகார்க்காரன்தான். மெதுவாக, லிப்டு வாசலில் சக்கரத்தைத் தூக்கிவைத்து ஏற்றினான். கதவு மூடியது.

மெஷின் முடிகிற நேரம்வரை நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய ஏற்பாட்டில், இவள் முடித்து இறங்கியதும் ஏழு நம்பர் காலி என்று வாக்கி சொல்லியிருக்கும், நான் எங்கே நின்றாலும் தெரிந்துகொண்டிருப்பேன். இப்போது வாக்கியில் வருவது அடுத்த ஆளின் பேர்தான்; இவள் இறங்கிவிட்டாள் என்று சொல்ல யாரும் இல்லை, அந்தச் சொல்லை நான்தான் எடுத்துவிட்டேனே. முடித்தாளா, எப்படி இருக்கிறாள் என்று ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும். எழுந்து படியேறினேன்.